எத்தனை நாளா

ஷூ நிற்கவில்லை. சந்தனமேரி அண்ணனின் வலது காலில் அதை மாட்டி, நாடாவை இழுத்துக் கட்டிவிட்டுக் கையை எடுத்ததும், குதிகால் வழியாக நழுவிப் பாயில் விழுந்தது. மகள் ஷர்லி கல்யாணத்துக்கு வாங்கிய கறுப்பு ஷூ. அன்றைக்கு இறுக்குகிறது என்று கோயில் வாசலில் நின்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார் பெலிக்ஸ்.

"உள்ள பஞ்சு வச்சுப் போடுங்கக்கா, நிக்கும்" என்றார் ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்தவர். அவர் தினமும் இதைப் பார்க்கிறவர்.

மேரி தன் பையிலிருந்தே பஞ்சுச் சுருளை எடுத்தாள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப் போகும்போது கொண்டுபோகிற பஞ்சு. பிய்த்துப் பிய்த்து ஷூவின் முனையில் திணித்தாள். நுரையீரலில் புற்றுநோய் என்று சொல்லி எட்டு மாதமாகியும் இளைக்காத கால் அது. இந்த ஒன்பது நாளில் இளைத்துவிட்டது.

ஒன்பது என்று மனதுக்குள் வந்ததும் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். பெட்டிக்காரர் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தார். மதினி பொற்கொடி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். வேறு யாருமில்லை.

எட்டு மணிக்கெல்லாம் கூட்டம் சேர்ந்துவிட்டது. திருவரங்குளத்தைச் சுற்றியிருக்கிற ஊர்களில் பெலிக்ஸைத் தெரியாதவர்கள் குறைவு. மின்வாரியத்தில் முப்பது வருஷம் லைன்மேன். கஜா புயலில் கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்தபோது இருபத்தாறு நாள் வீட்டுக்கே வராமல் ஊர் ஊராக லைன் இழுத்தவர். வந்தவர்கள் அதைச் சொல்லித்தான் அழுதார்கள். அழுது, மூக்கைச் சிந்திவிட்டு, மேரியைத் தேடி வந்தார்கள். அவள் கிராம நர்ஸ். அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"போன வாரம் டீக்கடையில பாத்தேனம்மா. தெம்பாத்தானே இருந்தாரு? என்ன ஆச்சு?" என்றார் வீரய்யா, அண்ணனோடு வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்.

"வயித்தால போச்சுங்க."

"வயித்தால போயா?" அவர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "கேன்சருன்னுல்ல சொன்னாங்க?"

"அதும் இருந்துச்சு."

"அப்ப எதுல போனாரு?"

பெரியாஸ்பத்திரியில் கொடுத்த தாளில் குடலில் ஓட்டை, அதனால் ரத்தத்தில் விஷம் பரவியது என்று எழுதியிருந்தது. கேன்சர் என்ற சொல்லே இல்லை. வீரய்யா அவள் தோளைத் தட்டிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் "கேன்சருதான், வேறென்ன" என்று அவர் சொன்னது கேட்டது. அந்தப் பக்கம் ஒரு பெண், "ஊசி ஒத்துக்கலயாம்" என்றாள். இன்னொருத்தி அறிவுமதி வீட்டுப் பால்காய்ப்பில் சாப்பிட்ட பிரியாணி என்றாள். மேரியும் முதலில் அப்படித்தான் நினைத்தாள்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. அண்ணன் டிவிஎஸ்ஸில் அவளுடைய துணை சுகாதார நிலையத்துக்கே வந்துவிட்டார். வெயிலில் வந்து, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மேரி, வயித்தால போறதுக்கு மாத்திரை குடு."

"எத்தன தடவண்ணே?"

"மூணு. நாலு இருக்கும்."

"எங்க சாப்புட்டீங்க?"

"நேத்து பால்காய்ப்புல பிரியாணி. ரெண்டாந்தடவையும் வாங்கித் தின்னேன்."

அவள் திட்டினாள். வயிற்றைக் கட்டுகிற மாத்திரை பத்து, உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஆறு கொடுத்தாள். இருபத்துநாலு வருஷமாக ஊரெல்லாம் கொடுக்கிறது. கை தானாக எடுத்தது.

எழுந்தவர் வாசலில் நின்றார். "கொடிகிட்ட இதப் பத்திப் பேசாத. அவ ஷர்லிகிட்டச் சொல்லுவா. ஷர்லி திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனடிப்பா. அவனுக ஊசிய நிப்பாட்டிப்புடுவானுக. மணப்பாறைக்காரர் ஒருத்தருக்கு அப்படித்தான் நிப்பாட்டிட்டாங்களாம்."

"வயித்தால போறதுக்கும் ஊசிக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

அண்ணன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். "அதானே. ஒரு சம்பந்தமும் இல்ல."

அந்த ஊசி மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை திருச்சி போய் போட்டுக்கொண்டு வருவார். முடி கொட்டாது, வாந்தி வராது. "இது கேன்சரக் கொல்ற மருந்து இல்ல மேரி. நம்ம ஒடம்புல இருக்குற எதிர்ப்பு சக்தியத் தட்டி எழுப்பிவிடுமாம். அது போயி கட்டிய அடிச்சுக்கிருமாம்" என்று வீடு வீடாகச் சொன்னார். இரண்டாவது ஊசிக்குப் பிறகு இருமலில் ரத்தம் நின்றது. மூன்றாவதுக்குப் பிறகு குரல் திரும்பியது. போன மாதம் பூசையில் பாட்டுக்குப் பதில் பாடும்போது அவர் குரல் தனியாகக் கேட்டது. மேரி திரும்பிப் பார்த்தாள். நாலாவது ஊசி போட்டுப் பத்தாம் நாள்தான் அந்தத் திங்கட்கிழமை.

அதற்குப் பிறகு தினமும் போனில் கேட்டாள். "கொறஞ்சிருச்சு" என்பார். வெள்ளிக்கிழமை நேரில் போனாள். நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். உதடு காய்ந்திருந்தது. "தண்ணி நல்லாக் குடிங்க" என்று சொல்லிவிட்டு, தடுப்பூசி முகாம் இருக்கிறது என்று கிளம்பிவிட்டாள். நேற்று முன்தினம் காலையில் மதினி போனடித்து "வயிறு பலக மாதிரி இருக்கு மேரி" என்றபோது, ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தாள். பலகைதான். 108-இல் ஏற்றி, பெரியாஸ்பத்திரியில் சேர்த்து, ஆபரேஷனுக்கு ரத்தம் ஏற்பாடு செய்து, எல்லாம் நடந்தது. டூட்டி டாக்டர் கேட்டார்: "எத்தனை நாளா போகுது?" மேரி "நாலஞ்சு நாளு" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று இப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. நேற்று சாயங்காலம் நாலரைக்கு உயிர் போனது.

"மேரி." பொற்கொடி கூட்டத்துக்கு நடுவிலிருந்து கூப்பிட்டாள். குரல் அடைத்திருந்தது. "அவரு மணிபர்ஸுல ஜெபமாலை இருக்கும். எடுத்தா. கையில சுத்தணும்."

உள்ளறையில் பீரோவைத் திறந்தாள். கொக்கியில் தொங்கிய பேண்ட்டின் பின்பக்கம் மணிபர்ஸ் இருந்தது. முன்பாக்கெட் புடைத்துக்கொண்டிருந்தது. கையை விட்டாள். காலி மாத்திரை அட்டைகள். ஒன்று, இரண்டு என்று கட்டிலில் போட்டாள். பதினோரு அட்டை. அவள் கொடுத்தது ஒன்று. மீதியெல்லாம் மெடிக்கலில் வாங்கியது. கசங்கிய காகிதக் கவரில் அன்னவாசல் என்று அச்சடித்திருந்தது. அன்னவாசல் மதினியின் பிறந்த ஊர்.

மணிபர்ஸில் ஜெபமாலையோடு ஒரு மஞ்சள் அட்டை நாலாக மடித்து வைத்திருந்தது. விரித்தாள். மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். 'இந்த அட்டையை வைத்திருப்பவர் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் புற்றுநோய் மருந்து எடுத்துக்கொள்கிறார். வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் அதைச் சாதாரண வயிற்றுப்போக்காகக் கருதி மருந்து கொடுக்க வேண்டாம். மருத்துவரிடமோ செவிலியரிடமோ இந்த அட்டையைக் காட்டவும். உடனே அழைக்கவும்.' அடியில் போன் நம்பர்.

செவிலியரிடமோ. அவள் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இது அவர் பின்பாக்கெட்டில்தான் இருந்திருக்கும். அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கதவு திறந்தது. பொற்கொடி வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். திரும்பிக் கதவைச் சாத்திவிட்டு, அதிலேயே சாய்ந்துகொண்டாள்.

"அன்னவாசல் போனீங்களா மதினி?"

"ரெண்டு தடவ. தம்பியப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு." பொற்கொடி தரையைப் பார்த்தாள். "அவருதான் வாங்கியாரச் சொன்னாரு. இங்கிட்டு வாங்குனா ஊருக்குத் தெரியும்னாரு."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ வயித்தால போச்சு?"

"ராத்திரிக்கு மட்டும் ஏழெட்டு. பகல்ல நான் எண்ணல."

"ரத்தம்?"

பொற்கொடி ஆமாம் என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தாள்.

"எங்கிட்டச் சொல்லலாமுல்ல மதினி?"

"ஒனக்குத் தெரியும்னுதானே இருந்தேன்!" பொற்கொடி சட்டென்று நிமிர்ந்தாள். "மேரிக்கு எல்லாம் தெரியும், அவ சொல்றபடிதான் மாத்திரை போடுறேன்னாரு. நீ நர்ஸு. தெனம் போன் பண்ற. நான் என்னத்தக் கண்டேன்?"

"எங்கிட்ட மூணு நாலுன்னாரு. ஒங்ககிட்டப் பேசவே கூடாதுன்னாரு."

"எங்கிட்டயும் அதான் சொன்னாரு. மேரிகிட்ட எண்ணிக்கையச் சொல்லாத, பயந்துருவான்னு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே யாரோ புதிதாக வந்து ஓங்கி அழுதார்கள்.

"மூணாம் நாளு ஸ்கேனுக்குத் திருச்சி போனோமே," என்றாள் பொற்கொடி, மெதுவாக. "பஸ்ஸு ஏறுறதுக்கு முந்தி நாலு மாத்திரைய ஒண்ணாப் போட்டுக்கிட்டாரு. அங்கிட்டு அந்தப் புள்ள, வெள்ளக் கோட்டு, வயிறு எப்படி இருக்குன்னு கேட்டுச்சு. நல்லா இருக்கும்மான்னாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்தப் புள்ள எம்மூஞ்சியப் பாத்துச்சு. நானும் ஆமான்னு தலையாட்டுனேன்."

பிறகு மேரியின் கையில் இருந்த மஞ்சள் அட்டையைக் காட்டி, "அது என்ன?" என்றாள்.

"போன் நம்பரு." மேரி அட்டையை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். மாத்திரை அட்டைகளைத் தன் பையில் அள்ளிப் போட்டாள். ஜெபமாலையை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள்.

ஷர்லி மஸ்கட்டிலிருந்து ஒரு மணிக்கு வந்து சேர்ந்தாள். திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து கார். இறங்கியதும் ஓடிவந்து பெட்டியின் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். மூச்சுக் காற்று பட்டுக் கண்ணாடி மங்கியது, துடைத்தாள், மறுபடி மங்கியது. அரைமணி நேரம் கழித்துத்தான் அழுகையை விட்டுப் பேசினாள்.

"போன ஞாயித்துக்கெழம வீடியோ கால்ல பேசினாரே. அடுத்த வருசம் வந்துட்டுப் போ, நான் ஏர்போர்ட்டுக்கு வாரேன்னாரு. எத்தன நாளா அத்தே வயித்தால போச்சு?"

மேரி ஒன்பது என்று சொல்ல வாயெடுத்தாள்.

"ரெண்டு நாளுதான்டி" என்றாள் பொற்கொடி. "மடமடன்னு ஆகிப்போச்சு."

"ரெண்டே நாள்லயா?" ஷர்லி அம்மாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். மேரி குனிந்து, பெட்டியின் மேலிருந்த மாலையைச் சரி செய்தாள். அது கலைந்தே இருக்கவில்லை.

நாலு மணிக்கு எடுத்தார்கள். மின்வாரியத்து ஆட்கள் பத்துப் பேர் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். கோயிலில் சாமியார், நம் சகோதரர் பெலிக்ஸ் கொடிய நோயோடு நீண்ட நாள் போராடி ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார் என்றார். மேரிக்கு எழுந்து நின்று இல்லை என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. இல்லை என்றால் பிறகு என்ன என்றும் தெரியவில்லை. அந்த நோயோடு அவர் போராடவில்லை. அது பின்வாங்கிக்கொண்டிருந்தது. அவர் போராடியது வேறு எதனோடோ. அதற்கு எதிராக அவள் ஒரு அட்டை மாத்திரையும் ஆறு பொட்டலமும் கொடுத்து அனுப்பினாள். அல்லது அதற்குத் துணையாகத்தான் கொடுத்து அனுப்பினாளா? யோசிக்க யோசிக்க முனை கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. கல்லறையில் மண் போடும்போது தன் முறை வந்ததுகூடத் தெரியாமல் நின்றாள். வீரய்யாதான் முழங்கையைத் தொட்டு முன்னால் அனுப்பினார்.

திரும்பி வந்து கை கால் கழுவியதும் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அமராவதி சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். யாரும் தொடவில்லை. கொல்லைப் படியில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் இறங்கியிருந்தது. ஷர்லி போனை எடுத்தாள்.

"திருச்சிக்குச் சொல்லணும்ல. வர்ற சனிக்கிழம அவருக்கு ஊசி."

அவளே அடித்தாள். யார் யாரிடமோ பெயரும் நம்பரும் சொன்னாள். கடைசியில் டாக்டரே வந்தார். ஷர்லி விஷயத்தைச் சொன்னாள். பிறகு ஷர்லி போனை மேரியிடம் நீட்டினாள். "கூட இருந்தது யாருன்னு கேக்குறாரு. நீங்க பேசுங்கத்தே. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

பொற்கொடி மேரியின் முழங்காலில் கையை வைத்தாள். அழுத்தவில்லை. சும்மா வைத்தாள்.

"சொல்லுங்கம்மா," என்றார் டாக்டர். இளவயசுக் குரல். "எத்தனை நாளா லூஸ் மோஷன் இருந்தது?"

"ஒம்பது நாளு டாக்டர்."

ஷர்லியின் தலை திரும்பியது.

"ரத்தம்?"

"இருந்துச்சாம். நான் பாக்கல. நான் இங்க வில்லேஜ் ஹெல்த் நர்ஸு. அவரு தங்கச்சி. வயித்தக் கட்டுற மாத்திரை நாந்தான் குடுத்தேன். ஒங்க மஞ்ச அட்டைய இன்னிக்குத்தான் பாத்தேன்."

போனில் எங்கோ ஒரு மெஷின் பீப் பீப் என்றது.

"இது கிருமியால வர்றது இல்லம்மா. ஊசி தூண்டிவிட்ட எதிர்ப்பு சக்தி சில பேருக்கு அவங்க குடலையே தாக்கும். மாத்திரையில போக்கு நிக்கிற மாதிரி இருக்கும், உள்ள புண்ணு ஏறிக்கிட்டே இருக்கும். இதுக்கு அந்த சக்திய அடக்குற ஸ்டீராய்டு கொடுக்கணும்."

"மொத நாளே போன் பண்ணியிருந்தா பொழைச்சிருப்பாரா?"

டாக்டர் யோசித்தார். "நிறைய பேருக்குச் சரியாகுது. சில பேருக்கு என்ன கொடுத்தாலும் கேக்கிறதில்ல. இவருக்கு எப்படி ஆகியிருக்கும்னு இப்ப என்னால சொல்ல முடியாதும்மா. சொன்னா அது பொய்."

"ஊசிய நிப்பாட்டிருப்பீங்களா?"

"நிறுத்தியிருப்போம்." பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்பதுபோல, "அவரோட ஸ்கேன் ரிப்போர்ட் இன்னிக்கு வந்தது. நுரையீரல்ல கட்டி இருந்த இடத்தில ஒண்ணும் தெரியல. ஊசிய நிறுத்தியிருந்தாலும் கட்டி திரும்பாமலே இருந்திருக்கலாம். சில பேருக்கு அப்படி இருக்குது. அதுவும் நிச்சயமா சொல்ல முடியாது" என்றார்.

ஷர்லி குனிந்து போனுக்குப் பக்கத்தில் வந்தாள். "அந்த ஸ்கேன எனக்கு அனுப்ப முடியுமா சார்?"

"அனுப்பச் சொல்றேன்." போனை வைக்குமுன், "ரொம்ப நல்லாப் பேசுவாரு. வெயிட்டிங் ஹால்ல எல்லாருக்கும் தைரியம் சொல்லுவாரு" என்றார்.

ஷர்லி போனை மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்பது நாளைப் பற்றிக் கேட்பாள், கத்துவாள் என்று மேரி காத்திருந்தாள். கத்தினால் நன்றாக இருக்கும்போல் இருந்தது. ஷர்லி கத்தவில்லை. கொல்லையில் முருங்கை மரத்துக்குக் கீழே பக்கத்து வீட்டுக் கோழி கிளறிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டி இல்லன்னா சொன்னாரு?" என்றாள் பொற்கொடி.

"ஆமாம்மா."

"அப்பறம் என்னத்துக்குடி செத்தாரு?"

ஷர்லி அத்தையைப் பார்த்தாள். மேரிக்கு அதற்குச் சொல்லத் தெரிந்த பதில் எல்லாம் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தது. பொற்கொடியும் பதிலுக்காகக் கேட்டதாகத் தெரியவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

போன் சிணுங்கியது. படம் வந்திருந்தது. ஷர்லி திறந்தாள். கறுப்பும் சாம்பலுமாக, வட்டமாக, ஒன்றும் புரியாத படம். நடுவில் இருந்தவள் அவள்தான். இரண்டு பக்கமும் இரண்டு தலைகள் குனிந்தன. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். இரண்டு பக்கமும் இரண்டு பெரிய கறுப்பு. அதற்குள் மெல்லிய கிளை கிளையாகக் கோடுகள். மேரி இதுபோல எத்தனையோ பேரின் கவரைச் சுமந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். பிரித்துப் பார்த்ததில்லை.

"எங்க இருந்துச்சு அது?" என்றாள் பொற்கொடி.

"தெரியலம்மா."

பொற்கொடி விரலை நீட்டி நடுவில் வெள்ளையாகத் தெரிந்த ஒன்றைத் தொட்டாள். "இதா?"

"அது இதயம் மதினி" என்றாள் மேரி.

பொற்கொடி விரலை எடுக்கவில்லை. மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் திரை மங்கத் தொடங்கியது. முழுதாக அணைவதற்குள் மேரி ஓரத்தில் மெல்லத் தொட்டாள். படம் மறுபடி வெளிச்சமானது.